மாதிரி எண் பதினான்கு

பகுதிநேர ஆய்வாளர், இசைத்துறை, பதிவுசெய்து நாலு வருடம்.
முழுநேரத்தில் நான் ஹித் கப்பல் பட்டறையில்
வெல்டர்களின் ஓவர்டைம் கூட்டுகிறவள்.
நெறியாளர் பூங்கோதை அம்மாவுக்கு அங்கே இரவு ஒன்பது;
எனக்கு ஆறரை, கம்பெனி பஸ்ஸில்,
ஒரு காதில் மட்டும் கேட்கும் ஹெட்போனோடு.
"ஆய்வு இடைவெளி எங்கே?" என்பார் மாதம் தவறாமல்.
சுரத்துக்கும் சுரத்துக்கும் நடுவில் என்று சொல்ல
நாக்கு துறுதுறுக்கும்.
சொல்வதில்லை. கட்டணத்தில் இரண்டு தவணை பாக்கி.

வியாழன் இரவுகளில் முஹர்ரக்.
முத்துக் குளித்தவர்களின் பாட்டை
இன்றைக்கும் பாடுகிறார்கள், குளிக்காதவர்கள்:
சுங்கத்துறை எழுத்தர், டயர் கடைக்காரர்,
பள்ளி வேன் ஓட்டும் ஜாசிம்.
கூடத்துக்குள் ஆண்கள் மட்டும்.
சந்தில், சுவரோரம், கவிழ்த்துப்போட்ட பால் பெட்டிமேல்
நான், ரெக்கார்டர், ஒரு பூனை.

மேலே தனியாக ஒருவர் குரல்.
கீழே, மிகமிகக் கீழே, மற்றவர்கள் பிடித்து வைக்கும் ஒற்றை முனகல்.
கடல் தொண்டையைச் செருமியதுபோல, என்று எழுதினேன்.
அம்மா சிவப்பில் அடித்தார்:
உவமை ஆதாரம் ஆகாது.
அடித்தது சரிதான்.
கணினித் திரையில் அடியில் ஓடிய அந்தத் தடித்த கோடு
பாதி மனிதர்கள்,
பாதி சுவரில் தொங்கும் ஏசியின் வெளிப்பெட்டி.
பதின்மூன்று மாதிரி. பதின்மூன்றிலும் பிரிக்க முடியவில்லை.
இரைச்சலை நீக்கவா என்றது மென்பொருள்.
நீக்கினேன்.
பாட்டிலும் பாதி போயிற்று.

ஆகஸ்டில் வெட்கத்தை விட்டு ஜாசிமிடம் கேட்டேன்:
ஒரே ஒரு பாட்டுக்கு ஏசியை நிறுத்துவீர்களா?
மணி பத்து. அப்போதும் முப்பத்தாறு டிகிரி.
"டிகிரிக்காகவா?" என்றார்.
ஆமாம்.
"உள்ளே எல்லாரும் செத்துவிடுவார்கள்"
என்று சொல்லிக்கொண்டே போனார்.

வெளிப்பெட்டி ஒருமுறை உதறிவிட்டு நின்றது.
அந்தச் சந்துக்கு இத்தனை மௌனம் உண்டென்று
பூனைக்கே தெரிந்திருக்காது.
பிறகு, புழுக்கம் தாங்காமல்,
நான் கேட்காத ஒன்றைச் செய்தார்கள்.
கதவைத் திறந்தார்கள்.

வா என்று யாரும் சொல்லவில்லை. போ என்றும்.
வாசற்படிக்கு இந்தப் பக்கம் நின்று
பதினொரு நிமிடம் பார்த்தேன்:
மண்குடத்தின் வாயில் உள்ளங்கை இறங்குவதை,
முழங்கையில் வியர்வை திரண்டு சொட்டுவதை,
இரண்டாம் இயலில் நான்
"மூச்செடுக்கும் இடம் தெளிவில்லை" என்று எழுதிய இடத்தில்
ஒருவர் மூச்செடுக்கப்
பக்கத்திலிருப்பவர் பிடித்துக்கொள்வதை.
அவ்வளவுதான் விஷயம். சுவருக்கு அது தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து அளந்தேன். மறுபடி அளந்தேன்.
அன்று மட்டும் ஏறக்குறைய அரைச்சுரம் கீழே நின்றிருந்தார்கள்.
அப்படியானால் மற்றப் பதின்மூன்று இரவும்
அந்தப் பெட்டியோடுதான் சுருதி சேர்த்திருக்கிறார்கள்,
தெரிந்தோ, தெரியாமலோ.

அம்மா வெகுநேரம் பேசவில்லை.
லைன் போய்விட்டதென்று நினைத்தேன்.
"ஒரு மாதிரியை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, தெரியுமில்லையா?"
தெரியும்.
"இன்னும் ஒரு பத்தாவது வேண்டும்."
பத்து ஆகஸ்டா, பத்துக் கதவா என்று நான் கேட்கவில்லை.
இடைவெளி எங்கே என்று அவரும் அன்று கேட்கவில்லை.

ஞாயிறு காலை.
நூற்று எழுபது வெல்டர்கள், ஓவர்டைம், மணி நிமிடமாக.
பதினொரு நிமிடத்தை எங்கள் கணக்கில்
பூஜ்யமாகத்தான் போடுவது வழக்கம்.
விரல் கொஞ்சம் தயங்கியது, போட்டேன்.
ஜாசிமிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ், நாலு நொடி.
பேச்சு ஒன்றுமில்லை.
ஏசி மறுபடி ஓடுகிறது.
யாரோ அதன் பக்கத்தில்
தொண்டையைச் சரிசெய்கிறார்கள்.